ஒகேனக்கல் போகுமுன் கன அடியைப் பாருங்கள்

லண்டனிலும் டொரொண்டோவிலும் பள்ளிக்கூடம் விடுகிற அதே ஜூலை, ஆகஸ்டில்தான் காவிரியில் வெள்ளமும் வருகிறது. ஊருக்கு வருகிற குடும்பங்கள் பல ஒகேனக்கலில் பரிசல் ஏறாமல் திரும்புவது இதனால்தான். நாங்களும் ஒருமுறை சேலத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி, வழி முழுக்கப் பிள்ளைகளுக்கு ஆசை காட்டிக்கொண்டே போனோம். பரிசல் துறையில் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலமே தடை போட்டாயிற்றாம்.

வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தருமபுரியில் வெயில் கொளுத்தும். மழை பெய்வது குடகிலும் வயநாட்டிலும். அங்கே பெய்து கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர் அணையும் கபினி அணையும் நிரம்பினால் உபரி நீரைத் திறப்பார்கள், அது இங்கே வந்து சேரும். தமிழ்நாட்டு எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அதை அளக்கிறது. ‘ஒகேனக்கல் நீர்வரத்து’ என்று தமிழ்ச் செய்திகளில் தினமும் வருவது அந்தக் கணக்குதான். விநாடிக்குச் சில ஆயிரம் கன அடி என்றால் கவலையில்லை. 20,000-ஐ நெருங்கினால் குளிக்கவும் பரிசலுக்கும் பெரும்பாலும் தடை வந்துவிடும். 2024 ஜூலைக் கடைசியில் ஒரு லட்சத்தையும் தாண்டியது. அந்த அளவு வெள்ளத்தில் அருவி என்று தனியாக ஒன்று தெரியாது. பாறைகளை மூழ்கடித்துக்கொண்டு செந்நீர் ஓடும். டிசம்பர் விடுமுறையில் வர முடிந்தால் அதுதான் நல்லது. ஆடி 18 அன்று மட்டும் தள்ளி இருங்கள், கூட்டம் தாங்காது.

பெங்களூரில் இறங்கினால் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, பென்னாகரம் வழி. ரயிலில் வந்தால் தருமபுரியில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம், சுமார் 46 கிலோமீட்டர். ஓசூரிலிருந்து அஞ்செட்டி வழியாக ஒரு காட்டுப் பாதையும் உண்டு. அழகான பாதைதான், ஆனால் யானை நடமாடும் இடம். பகலில் மட்டும் வாருங்கள், நடுவில் இறங்கி செல்ஃபி எடுக்க வேண்டாம். அந்த அஞ்செட்டி, உரிகம் பக்கத்துக் காடுகளெல்லாம் 2022 நவம்பரில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் ஆகிவிட்டன. 686 சதுர கிலோமீட்டர். ஆற்றில் நீர்நாயும் முதலையும் உண்டு. கண்ட இடத்தில் காலை நனைக்காமல், குளிக்க ஒதுக்கிய இடத்தில் மட்டும் குளிக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். முதலையைப் பக்கத்தில் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு வனத்துறையின் மறுவாழ்வு மையம் இருக்கிறது.

பரிசல் என்பது மூங்கிலில் பின்னிய பெரிய கூடை. முன்பு அடியில் தோல் போர்த்துவார்கள், இப்போது பிளாஸ்டிக் விரிப்பு. கட்டணத்தைக் கவுன்டரில் கட்டிச் சீட்டு வாங்குங்கள். வண்டியை நிறுத்தியதுமே வந்து பேரம் பேசுகிறவர்களிடம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். லைஃப் ஜாக்கெட்டின் பட்டிகளை நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பரிசலுக்குள் எழுந்து நிற்கக் கூடாது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர் உயர்ந்து நிற்கும் பள்ளத்தாக்குக்குள் போனதும் ஓட்டுநர் துடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளிப் பரிசலைப் பம்பரமாய்ச் சுற்றிவிடுவார். தலைசுற்றல் உள்ளவர்கள் முன்பே “அண்ணே, சுத்த வேண்டாம்” என்று சொல்லிவிடுவது நல்லது. நடு ஆற்றில் இன்னொரு பரிசல் கடையாக வந்து ஒட்டி நிற்கும், சிப்ஸும் குளிர்பானமும் விற்க. வாங்கினால் காலி பாட்டிலைக் கையோடு கொண்டுவாருங்கள்.

இனி சாப்பாடு. ஓட்டலுக்குப் போகாதீர்கள் என்பேன். மீனைப் பார்த்து வாங்கி, அங்கே சமைத்துத் தரும் அக்காக்களிடம் கொடுத்துவிட்டால், பரிசல் போய் வருவதற்குள் குழம்பும் வறுவலும் சோறும் தயாராகிவிடும். கூலியையும், மசாலா, எண்ணெய் யார் வாங்குவது என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு என்று தனியாகக் “காரம் குறைவா” என்று சொல்ல வேண்டும். எங்களுக்குச் சமைத்த அக்கா அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, கொஞ்சம் குறைத்தார், கொஞ்சம்தான். எலும்பு குறைவாக வேண்டுமென்றால் மீன் வாங்கும்போதே கேளுங்கள்.

எண்ணெய் மசாஜ் ஆண்களுக்குப் பெரிய இழுப்பு. கையில் நல்ல வலு இருக்கும். முதுகுவலிக்காரர்கள் யோசித்து உட்காருங்கள். ஈர உடை மாற்ற ஒரு வேட்டியோ பெரிய துண்டோ கொண்டுபோனால் சிரமமில்லை. வழுக்காத செருப்பு அவசியம். சில்லறைப் பணமும் வைத்துக்கொள்ளுங்கள்.

தடை போட்டிருந்தால்? நாங்கள் மீனைச் சாப்பிட்டுவிட்டு, பென்னாகரம் திரும்பி, மேச்சேரி வழியாக மேட்டூர் போனோம். அணை நிரம்பி 16 கண் மதகு திறந்திருந்தது. காலையில் முகத்தைத் தூக்கி வைத்திருந்த சின்னவன், சாரல் முகத்தில் அடிக்க, “இது அதே தண்ணியா?” என்று கேட்டான்.