ஊசித்துளைக் கேமரா: சரியான துளையைப் பெறுவது எப்படி?

லென்ஸுக்குப் பதில் ஒரு நுண்துளை வழியே படம் எடுப்பதுதான் ஊசித்துளைக் கேமரா. முதலில் துளையின் அளவு. துளைக்கும், படம் பதியும் சென்சாருக்கும் உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 0.0446-ஆல் பெருக்குங்கள். கேனான் இஎஃப் கேமராவில் அந்தத் தூரம் 44, நிக்கான் எஃப் மவுண்டில் (லென்ஸ் மாட்டும் வாய்) 46.5. இரண்டுக்கும் விடை ஏறத்தாழ 0.3 மி.மீ. துளை சிறுத்தால் படம் கூர்மையாகும் என்பது ஓரளவுக்குத்தான் உண்மை. இந்த அளவுக்குக் கீழே போனால் விளிம்பில் ஒளி வளைந்து பரவி எல்லாம் கலங்கிவிடும். ஆய்வகங்களுக்கென விற்கும் 25, 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் 0.001 மி.மீ.) துளைகள் நமக்கு ஆகாது. லேசரில் துளைத்த தகடு வாங்குவதென்றால் 300 மைக்ரான் என்று கேளுங்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கான துளைத் தகடுகளும் துல்லியமானவைதான். ஆனால் அந்த 3 மி.மீ. வில்லையை இடுக்கியால் பிடித்து மல்லாடுவது புதியவர்களுக்கு வேண்டாத வேலை.

நீங்களே செய்வதென்றால் குளிர்பானக் கேன் தகடு போதும். ஊசி முனையால் லேசாக அழுத்துங்கள். மறுபக்கம் புடைத்த இடத்தை நுண்ணிய உப்புத்தாளில் தேயுங்கள். மறுபடி அழுத்துங்கள், மறுபடி தேயுங்கள். ஒரே குத்தில் போட்ட துளையில் பிசிறு நிற்கும்.

பலரும் கோட்டைவிடுவது அளப்பதில்தான். ஃபிலிம் ஸ்கேன் செய்யும் வசதியுள்ள ஸ்கேனரில் 2400 டிபிஐ (அங்குலத்துக்கு 2400 புள்ளி) வைத்து ஸ்கேன் செய்யுங்கள். பின்னொளியில் துளை வெள்ளை வட்டமாகத் தெரியும். ஒரு பிக்சல் 0.0106 மி.மீ. என்பதால் 28 பிக்சல் வந்தால் 0.3 மி.மீ. ஸ்கேனர் சொல்லும் டிபிஐயை அப்படியே நம்பாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் அளவுகோலையும் அதே அமைப்பில் ஸ்கேன் செய்யுங்கள்: 10 மி.மீ.க்கு 945 பிக்சல் வர வேண்டும். துளையைக் குறுக்கே, நெடுக்கே இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். 28-க்கு 33 என்றால் அது முட்டை, தூக்கிப் போடுங்கள். அளவு கொஞ்சம் பிசகலாம், வட்டம் பிசகக் கூடாது.

லென்ஸைக் கழற்றினால் கேமராவின் வாயை மூடும் மூடியில் 8 மி.மீ. ஓட்டை போட்டு, தகட்டை உட்புறம் ஒட்டி, சென்சாரைப் பார்க்கும் பக்கத்துக்குக் கறுப்பு மை பூசுங்கள். ஐஎஸ்ஓ 100-இல் நல்ல வெயிலுக்கு ஏறத்தாழ ஒரு வினாடி.

பின்சேர்க்கை: மிரர்லெஸ் கேமரா (உள்ளே கண்ணாடி இல்லாதது) வைத்திருப்பவர்கள், தங்களுக்கும் இதே அளவு சரியா என்று கேட்டிருந்தார்கள். சோனி இ மவுண்டில் தூரம் 18 மி.மீ.தான், துளை 0.19 மி.மீ. வேண்டும். கேன் தகட்டின் தடிமனே 0.1 மி.மீ. அளவு இருப்பதால், ஓரங்களுக்குச் சாய்ந்து போகும் ஒளியைத் துளையின் சுவரே மறைத்து மூலைகளை இருட்டாக்கும். மெல்லிய பித்தளைத் தாளுக்கு மாறுங்கள்; அல்லது மூடியைச் சென்சாரிலிருந்து தள்ளி வைக்கும் நீட்டிப்புக் குழாய் மாட்டிவிட்டு, கூடிய தூரத்துக்குக் கணக்கை மறுபடி போடுங்கள்.