சிறு குழந்தையோடு ஏற்காடு சென்று ஒரே நாளில் திரும்புவது எப்படி

இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையைச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், பார்க்க வேண்டிய இடங்களை எண்ணிப் பயணத்தைத் திட்டமிடக் கூடாது. குழந்தைக்கு எப்போது பசிக்கும், எப்போது கண் செருகும் என்பதை வைத்தே திட்டமிட வேண்டும். இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி ஆகிய நான்கையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பார்த்துவிட முனைந்தோம். அருவிக்கு இறங்கும் வழியில் பாதியிலேயே அவள் என் தோளில் தூங்கிப்போனாள். அவளுக்குக் காட்டுவதற்காகவே போன அருவியை அவள் பார்க்கவேயில்லை. இப்போது எங்கள் கணக்கு எளியது: ஓரிடத்தில் நெடுநேரம், இன்னோரிடத்தில் சற்று நேரம், பிற்பகல் தூக்கத்துக்கு முன் மலையிறக்கம்.

இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தையானால், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மலையே வேண்டாம் என்பேன். அடிவாரத்தை ஒட்டியுள்ள குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குக் காலையில் சென்று, மான்களையும் மயில்களையும் காட்டிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். குரும்பப்பட்டியையும் ஏற்காட்டையும் ஒரே நாளில் சேர்க்க வேண்டாம். இரண்டும் பாதிப் பாதியாகிவிடும். மே மாதத்தில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் நாள்களில், பூக்களைவிடக் கூட்டத்தின் கால்களையே குழந்தை அதிகம் பார்க்கும் என்பதால், அந்த வாரத்தைத் தவிர்ப்பதே நல்லது.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தூரம் குறைவு என்று எண்ணி நிதானமாகப் புறப்படுவோரே மிகுதி. ஆனால் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் மலைப்பாதையில் வண்டிகள் வரிசை கட்டிவிடும். ஏழு மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்பினால் பாதையும் காலியாக இருக்கும், ஏரிக்கரையில் குழந்தை ஓடுவதற்கு இடமும் இருக்கும். பேருந்தில் செல்வோர் புதிய பேருந்து நிலையத்தில் சற்று முன்னதாகவே ஏறி, முன்பக்க இருக்கைகளைப் பிடிக்க வேண்டும். பின் இருக்கையில் குலுக்கல் அதிகம்.

குழந்தையோடு செல்வோரை மிகவும் அலைக்கழிப்பது அந்தப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளே. உடல் திரும்புவதைக் காதின் உட்பகுதி உணர்ந்துகொண்டிருக்க, வண்டிக்குள்ளேயே பதிந்திருக்கும் கண்கள் எதுவும் அசையவில்லை என்று மூளைக்குச் சொல்வதால்தான் குமட்டல் வருகிறது. ஆகவே மலையேறும்போது கைப்பேசியையோ படப் புத்தகத்தையோ குழந்தையிடம் கொடுக்கக் கூடாது. சன்னல் வழியே தொலைவைப் பார்க்கச் செய்ய வேண்டும். வளைவுகளில் எண் எழுதிய பலகைகள் இருப்பது இதற்குப் பேருதவி. "அடுத்து என்ன நம்பர், பாப்பா?" என்று கேட்டுக்கொண்டே போனால், குழந்தையின் பார்வை தானாகவே வெளியே நிற்கும், எங்கள் மகள் பத்துக்கு மேல் எண்ணக் கற்றதே இந்தப் பாதையில்தான். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் ஆகாது, கிளம்பும் நேரத்தில் ஒரு தம்ளர் பாலும் ஆகாது. காது அடைத்துக் குழந்தை சிணுங்கினால் சிறிது சிறிதாகத் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள், கைக்குழந்தையானால் பால் கொடுங்கள். விழுங்கும்போது காது திறந்துகொள்ளும். வாந்தியை நிறுத்தும் மருந்தை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. குறிப்பாக, புரோமெத்தசின் அடங்கிய மருந்துகள் இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு மூச்சைத் தடைப்படுத்தக் கூடியவை.

இருசக்கர வண்டியில் செல்லும் குடும்பங்களும் பல. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்கவசமும், ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் இருக்க வேண்டும் என்பதும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பதும் 2023 பிப்ரவரி முதல் விதி. சமவெளியிலேயே இது தேவை என்றால், வளைவுக்கு வளைவு சாயும் மலைப்பாதையில் இதைத் தளர்த்த இடமேயில்லை.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், மேலே ஏழெட்டு டிகிரி வெப்பம் குறைவாக இருக்கும். வீட்டில் வியர்க்கிறதே என்று ஸ்வெட்டரை விட்டுச் செல்ல வேண்டாம். காதை மூடும் குல்லாய், மாற்றுடை இரண்டு, ஒரு பழைய துண்டு, எவர்சில்வர் பாட்டிலில் ஆறவைத்த வெந்நீர், டப்பாவில் தயிர் சாதம், வாழைப்பழம் ஆகியவை பைக்குள் இருந்தால் போதும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகம் முழுவதும் 2019 முதல் தடை உள்ளது. மலைக்கு அவற்றைக் கொண்டுபோகவே கூடாது.

மேலே சென்றதும் நேராக ஏரிக்குச் செல்லுங்கள். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் அங்கே இருக்கிறது. சிறு குழந்தையோடு செல்வோர் தாமே மிதிக்கும் படகைவிட, ஓட்டுநர் ஒருவர் செலுத்தும் படகைத் தேர்ந்தெடுப்பதே சரி. அப்போதுதான் இரு கைகளும் குழந்தையின்மேல் இருக்கும். உயிர்காப்புச் சட்டையைப் பட்டைகளை இறுக்கி மாட்டியபின், தோள்பட்டையில் பிடித்து மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். அது குழந்தையின் காதுவரை ஏறி வந்தால் அளவு பெரிது. சிறியதாகக் கேட்டு வாங்குங்கள். பொருத்தமானது இல்லையென்றால் படகு வேண்டாம். அன்று குழந்தை அழுதாலும் பரவாயில்லை.

படகுக்குப் பின் ஏரிக்கரையிலேயே உள்ள அண்ணா பூங்காவில் மணிக்கணக்கில் விட்டுவிடுங்கள். பெரியவர்களுக்குப் பொறுமை போகும் இடம் இதுதான். "போதும், அடுத்த இடத்துக்குப் போகலாம்" என்று தோன்றும். குழந்தைக்கோ, ஈரப் புல்லில் கிடக்கும் ஒரு காய்ந்த கொட்டையைப் பொறுக்கிப் பொறுக்கிப் போடுவதற்கே அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணி நேரத்தைப் பறிக்காதீர்கள்.

பதினொன்றரை மணிக்கே சாப்பாட்டை முடித்துவிடலாம். குரங்குகள் திரியும் இடத்தில் தின்பண்டத்தைக் குழந்தையின் கையில் கொடுக்கக் கூடாது. பறிக்கும்போது நகம் கீறிவிடும். கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவது இடமாக லேடீஸ் சீட்டை வைத்துக்கொள்ளலாம். மூடுபனி இல்லாத நாளில் அங்கிருந்து நாம் ஏறி வந்த பாதையும் கீழே விரிந்து கிடக்கும் சேலமும் தெரியும். தடுப்புக் கம்பியருகே குழந்தையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "அதோ, அங்கேதான் நம் வீடு" என்று காட்டுங்கள்.

ஒரு மணியளவில் இறங்கத் தொடங்கினால் குழந்தை வண்டியிலேயே தூங்கிவிடும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். மேலேறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். மாலையில் குழந்தை எழுந்தபின் தெருமுனைக் கடையில் தட்டுவடை செட் வாங்கினால், காரச் சட்னி தடவியது பெரியவர்களுக்கு; குழந்தைக்குக் கேரட், பீட்ரூட் துருவலை மட்டும் வைத்து, தட்டுவடையைச் சிறு துண்டுகளாக நொறுக்கிக் கொடுத்தால் போதும்.