நீளமான மருத்துவச் சொல்லை இரண்டு தடவை வெட்டுங்க

நர்சிங் சேர்ந்திருக்கிற அக்கா மகள் கோபியிலிருந்து போன் செய்தாள். "மாமா, கோலிசிஸ்டெக்டமின்னு ஒண்ணு, வாயிலேயே நுழைய மாட்டேங்குது." அவளுக்குச் சொன்னதுதான் இது: அதை இரண்டு தடவை வெட்டணும் அம்மணி, ஒன்று வாய்க்கு, இன்னொன்று அர்த்தத்துக்கு.

வாய்க்கு வெட்டுவது சுலபம். உயிர் ஒலி எத்தனையோ அத்தனை அசை. கோ-லி-சிஸ்-டெக்-ட-மி, மொத்தம் 6, அழுத்தம் 'டெக்'கில். மேசையில் தட்டிக்கொண்டே நாலு தடவை சொன்னால் வந்துவிடும்.

அர்த்தத்துக்கு வெட்டுவது கரும்புக் கரணை வெட்டுகிற மாதிரி, பருவின் மேல் அரிவாள் பட்டால் முளைக்காது. இங்கே கோலி, சிஸ்ட், எக்டமி என்று மூன்றே துண்டு. அசை பிரிக்கும்போது 'டெக்' பக்கம் தாவிப்போன அந்த 'ட்', இப்போது சிஸ்ட்டோடு திரும்பி வந்து சேர்ந்துகொள்வதைக் கவனியுங்கள். வாலிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. எக்டமி என்றால் வெட்டி அகற்றுவது. எதை? கிரேக்கத்தில் கோலி பித்தம், சிஸ்ட் பை. பித்தப்பை அகற்றல், நம் தமிழ்ச் சொல்லின் அதே வரிசை!

வாலில் அவசரப்படாதீர்கள். எக்டமி அகற்றுவது, ஆட்டமி கீறித் திறப்பது, ஆஸ்டமி திறந்து வழி வைப்பது. தலையிலும் ஒரு கண்ணி இருக்கிறது: கொலெக்டமியில் வருகிற 'கோல்' பெருங்குடல். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று போலத் தெரியும், அதனால் ஆங்கில எழுத்தைப் பாருங்கள், பித்தத்துக்கு 'சி'யை அடுத்து 'ஹெச்' இருக்கும், குடலுக்கு இருக்காது.

அப்புறம் நடுவில் வருகிற 'ஓ'. காஸ்ட்ர் என்றால் இரைப்பை. உள்ளே பார்ப்பதைச் சொல்கிற ஸ்கோப்பி மெய்யில் தொடங்குவதால் இடையில் ஓ போட்டு காஸ்ட்ரோஸ்கோப்பி, அழற்சியைச் சொல்கிற ஐட்டிஸ் உயிரில் தொடங்குவதால் நேராகவே காஸ்ட்ரைட்டிஸ். நாம் உயிரும் உயிரும் சேர்ந்தால் ய், வ் போடுகிறோமே, அதைத் திருப்பிப் போட்ட மாதிரி. இரண்டு வேர்கள் சேரும்போது மட்டும் உயிருக்கு முன்னாலும் அந்த ஓ பெரும்பாலும் நிற்கும், காஸ்ட்ரோடு குடலுக்கான என்டர் சேர்கிற காஸ்ட்ரோஎன்டராலஜி மாதிரி.

சரி, இப்போது நீயே ஒன்று பிரி என்று பிசினோசிஸ் கொடுத்தேன். பி-சி-னோ-சிஸ், அசை 4. ஓசிஸ் நோய்நிலை, முன்னால் இருப்பது மெல்லிய நார்த்துணிக்கான கிரேக்கச் சொல். பஞ்சுத் தூசியால் வருகிற நுரையீரல் நோய், லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும். "தாத்தாவுக்குத் திங்கக்கிழமையானா வருமே, அதுவா மாமா?" என்றாள். ஆமாம், ஸ்பின்னிங் மில்லில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்கிற ப்ளோ ரூமில் இருந்த என் அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டில்தான் அந்தச் சொல்லை நான் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.