ஃபேன் முனகுகிறதா? ஒட்டடைக் கொம்பை எடுங்கள்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்த பிறகு, மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊருக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. வந்த அன்று ராத்திரி தெருவே கைதட்டியது, எங்கள் கூடத்து ஃபேன் மட்டும் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு அப்படியே நின்றது. எலக்ட்ரீசியன் ஒருவர்கூடக் கைக்குச் சிக்காத நேரம். பக்கத்து வீட்டு மாமா ஒட்டடைக் கொம்போடு வந்து இறக்கையை லேசாக ஒரு தள்ளு தள்ளினார், ஃபேன் ஓட ஆரம்பித்துவிட்டது. "காயில் நல்லாத்தான் இருக்கு தம்பி, கண்டன்சர்தான் போயிட்டு" என்றார். காயில் என்றால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள், கண்டன்சர் என்றால் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர். நான் கற்றுக்கொண்ட முதல் ரிப்பேர் அதுதான். எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்று வரிசையாக உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஃபேனைத் தொடாதீர்கள், வீட்டின் வோல்டேஜைப் பாருங்கள். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறப்பதற்கு முன்பே நம் பக்கம் போர் மோட்டார்களை நம்பிக் குறுவைக்கு நாற்று விட்டுவிடுவார்கள், அந்த நாட்களில் சாயங்காலம் எல்லா வீட்டு ஃபேனும் சோம்பலாகத்தான் சுற்றும். உங்கள் வீட்டில் இன்னொரு ரூம் ஃபேனும் மெதுவாக ஓடுகிறதா, அதே ஃபேன் விடியற்காலை நன்றாக ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றால் ஃபேன் மேல் குற்றமில்லை. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 170 வந்தால் அது என்ன செய்யும், பாவம். எல்ஈடி பல்பை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள், அது குறைந்த வோல்டேஜிலும் பளிச்சென்று எரிந்து ஏமாற்றும்.

வோல்டேஜ் சரியாக இருந்தால், அடுத்தது கையால் சுற்றிப் பார்ப்பது. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, மெயினையும் இறக்கிவிடுங்கள். பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் கொடுத்திருப்பார்கள், அணைத்த பிறகும் மேலே கரண்ட் இருக்கும். அப்புறம் ஆடாத ஸ்டூலில் ஏறி இறக்கையை ஒரு சுண்டு சுண்டுங்கள். சத்தமில்லாமல் சில சுற்று ஓடி மெல்ல நின்றால் பேரிங் நலம். 'கரகர' என்றாலோ, பிரேக் போட்டதுபோல் சட்டென்று நின்றாலோ பேரிங் போய்விட்டது. தேங்காய் எண்ணெய் விட்டால் ரெண்டு நாள் சும்மா இருக்கும், மூன்றாம் நாள் தூசியைப் பிடித்துக்கொண்டு இன்னும் மோசமாகும். பேரிங் மாற்ற ஃபேனை இறக்கிப் பிரிக்கவேண்டும், புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு அது வேண்டாம், கடையில் கொடுத்துவிடுங்கள். ஏறியது ஏறிவிட்டீர்கள், ஈரத்துணியால் இறக்கையைத் துடைத்துவிட்டு இறங்குங்கள். சம்பா அறுவடை முடிந்த மாசியில் எங்கள் வீட்டு இறக்கையில் வைக்கோல் தூசி ஒரு விரல்கடைக்குப் படிந்திருக்கும்.

இனி மாமாவின் சோதனை. மெயினைப் போட்டு, ரெகுலேட்டரை ஐந்தில் வைத்து, சுவிட்சைப் போடுங்கள். முனகுகிறது, சுற்றவில்லை என்றால், கீழே நின்றபடியே காய்ந்த மரக்கொம்பால் ஒரு இறக்கையை லேசாகத் தள்ளிவிட்டுக் கொம்பை உடனே விலக்கிவிடுங்கள். இரும்புப் பைப், அலுமினியக் கம்பு எதுவும் கூடாது. தள்ளிய பக்கமே ஓட ஆரம்பித்தால், நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் தள்ளிப் பாருங்கள், அந்தப் பக்கமும் ஓடும். வீடுகளுக்கு வரும் சிங்கிள் பேஸ் கரண்டுக்கு மோட்டாரைத் தானாகக் கிளப்பும் சக்தி கிடையாது, எந்தப் பக்கம் சுற்றவேண்டும் என்று சொல்லிக் கிளப்பிவிடுவது கண்டன்சர்தான். அது செத்துவிட்டால் அந்த வேலையை உங்கள் கொம்பு செய்கிறது, அவ்வளவுதான். முனகும் ஃபேனை ரொம்ப நேரம் அப்படியே விடாதீர்கள், காயில் சூடேறிக் கருகிவிடும். கண்டன்சர் முழுதும் சாகாமல் பலம் மட்டும் குறைந்திருந்தால் ஃபேன் தானாகவே கிளம்பும், ஆனால் வேகம் வராது.

சரி, மாற்றுவோம். மறுபடி மெயினை இறக்கவேண்டும். அதற்கு முன்பு டெஸ்டரைக் கரண்ட் இருக்கும்போதே ஒரு பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் செத்த டெஸ்டரை நம்பி மேலே கை வைப்பீர்கள். பெரும்பாலும் ஃபேனுக்கு மேலே, ராடின் அடியில் இருக்கும் கப்புக்குள் கண்டன்சர் இருக்கும். கப்பின் ஸ்க்ரூவைத் தளர்த்தி மேலே ஏற்றினால், சுண்டுவிரல் நீளத்துக்கு வெள்ளையாகவோ கறுப்பாகவோ ரெண்டு ஒயரோடு ஒரு டப்பா தெரியும். எங்கள் வீட்டில் அது வயிறு உப்பி, ஓரத்தில் பிசின்போல் கசிந்திருந்தது. ஒயரைக் கழற்றும் முன்பு போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால் கண்டன்சரின் ரெண்டு முனையையும் சேர்த்து ஒரு தொடு தொடுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கிவிடும்.

பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். பெரும்பாலான ஃபேன்களில் 2.5 எம்எஃப்டி, 440 வோல்ட் என்று போட்டிருக்கும். எம்எஃப்டி என்பது கண்டன்சரின் அளவு, மைக்ரோஃபாரட். "ரெண்டரை கண்டன்சர்" என்று கேட்டால் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். "மூணு பதினஞ்சு போடுங்க, பறக்கும்" என்று, அதாவது 3.15 எம்எஃப்டி போடச் சொல்லி, யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். பழையதில் என்ன எண்ணோ அதே எண்தான், கூடுதலாகப் போட்டால் காயில் சூடாகும். மாட்டும்போது கண்டன்சரின் ரெண்டு ஒயரும் இடம் மாறினாலும் பரவாயில்லை, அதற்குப் பிளஸ் மைனஸ் கிடையாது. ஃபேனிலிருந்து வரும் மற்ற ஒயர்களை மாற்றிவிடாதீர்கள், அதற்குத்தான் போட்டோ. கனெக்டர் ஸ்க்ரூவை இறுக்கி, டேப் சுற்றி, கப்பை இறக்குங்கள்.

புதுக் கண்டன்சருக்கும் வேகம் வரவில்லை என்றால் சந்தேகம் ரெகுலேட்டர் மேல். ஐந்தில் மட்டும் நன்றாக ஓடி, ரெண்டிலும் மூன்றிலும் நின்றுபோனாலும் அதுவேதான். வார்னிஷ் கருகிய வாடை அடித்தால் காயில், அதை ரீவைண்டிங் கடைதான் பார்க்கவேண்டும். ரிமோட்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேனுக்கு இதில் எதுவும் பொருந்தாது, உள்ளே சர்க்யூட் போர்டு இருக்கும், பிரிக்காதீர்கள்.

ஃபேன் வேகமாக ஓடுகிறது, ஆனால் கீழே காற்றே வரவில்லையா? அண்ணாந்து பாருங்கள். கடிகார முள் போகிற பக்கமே சுற்றினால் ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். மெயினை இறக்கிவிட்டுப் போட்டோவைத் திறங்கள்.