டைம்ஷேர் வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு

குடும்பத்தோடு வருஷா வருஷம் போய் வரலாம் என்று டைம்ஷேர், அதாவது ஒரு விடுமுறை விடுதியில் வருஷத்தில் ஒரு வாரம் போலத் தங்கும் உரிமை, வாங்க நினைக்கிறீர்களா? சரி, கையெழுத்துப் போடும் முன் ஒரு தாளை எடுங்கள். வாங்கும் விலையை 10 ஆல் வகுத்து, அதோடு ஒரு வருடப் பராமரிப்புக் கட்டணத்தைக் கூட்டி, வரும் தொகையை 7 ஆல் வகுத்தால், பத்து வருடம் தவறாமல் ஒரு வாரம் போனால் ஓர் இரவுக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று தெரியும். அதே ஊரில் அதே அளவு அறைக்கு ஓட்டல் வாடகையைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கடனில் வாங்கினால் வட்டியையும் சேர்க்க வேண்டும்.

பராமரிப்புக் கட்டணத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். போனாலும் போகாவிட்டாலும் கட்டியாக வேண்டும், அதுவும் பெரும்பாலும் ஏறுமே தவிர இறங்காது.

அப்புறம், 52 வாரங்களில் உங்களுக்கு நிலையான வாரமா (வருஷா வருஷம் அதே வாரம்), மாறும் வாரமா (காலியாக உள்ளதில் பதிவு செய்து எடுப்பது), இல்லை புள்ளிக் கணக்கா (தரும் புள்ளிகளைச் செலவழித்துத் தங்குவது) என்று கேளுங்கள். மாறும் வாரம் என்றால் பள்ளி விடுமுறைக்கு எல்லோரும் மோதுவார்கள்; பல மாதம் முன்பே பதிவு செய்யாவிட்டால் மிஞ்சுவது பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கும் வாரமாகத்தான் இருக்கும்!

இலவசப் பரிசு தருகிறோம் என்று கூப்பிட்டு உட்காரவைத்து, "இன்னைக்கு மட்டும்தான் இந்த விலை" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் விற்க முடியாமல் திணறுவதால், மறுவிற்பனையில் பாதிக்கும் கீழே கிடைப்பது சகஜம். கையெழுத்துப் போட்ட பிறகு மனசு மாறினால், பல நாடுகளில் குறிப்பிட்ட நாட்களுக்குள் ரத்து செய்யச் சட்டம் இடம் தருகிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாள். போனில் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள், எழுத்தில் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள்.