பருவகால யானைவேலி: வயலில் போடுவதும் கழற்றுவதும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் அம்பாறையின் திருக்கோவில், சாகாமம் பக்கத்து வயல்களிலும் யானைவேலி, அதாவது யானையைத் தடுக்கும் மின்வேலி, கேட்டு மனுக் கொடுக்கும் கமக்காரர் அமைப்புகள், வேலி எப்போது வரும் என்றுதான் கேட்கின்றன. அதை எப்போது கழற்றுவது என்று கேட்பவர்கள் குறைவு. வயலுக்கான வேலி நிலைக்குமா, இரண்டு போகத்தில் சாய்ந்துவிடுமா என்பது பெரும்பாலும் அந்த இரண்டாம் கேள்வியில் தங்கியிருப்பதால், இவ்வழிகாட்டி அதை முன்னிறுத்தியே எழுதப்படுகிறது.

கழற்றுவதற்கு முன், வேலி எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பார்ப்போம். 2011 இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள் பதிவாகின. யானை நடமாடும் நிலப்பரப்பில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கின்றனர். 1949 இல் கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் தொடங்கிக் காடு வயலாகியது. 1954 இல் கல்லோயா தேசிய பூங்கா அறிவிக்கப்பட்டது. ஆனால் வரைபடத்தில் கீறிய பூங்கா எல்லை யானைக்குத் தெரியாது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் காடு முடிந்து வனத் திணைக்களத்தின் காடு தொடங்கும் இடத்தில் நீண்ட வேலி போட்டால், அதன் இரு பக்கமும் யானை நிற்கும். வேலியைப் பார்த்துக்கொள்ள மட்டும் அங்கே ஆள் இராது. எனவே வேலி பயிர் தொடங்கும் ஓரத்தில், பயிர்காரரின் கண் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மனித-யானை மோதலைத் தணிக்க 2020 இல் தயாரிக்கப்பட்ட தேசிய செயற்றிட்டமும் இந்த வழியையே வற்புறுத்துகிறது.

பயிர் நிற்கும்போது வேலியை நிமிர்த்தி, அறுவடை முடிந்ததும் கழற்றும் ஏற்பாடு நம் பகுதிக்குப் புதிதன்று. மாரிகாலப் பெரும்போக விதைப்புக்கு முன் மாட்டுப் பட்டிகளை மேய்ச்சல்தரைக்கு அனுப்புகிறோம். அறுவடை முடிந்ததும் அவை வயலுக்குத் திரும்பி, அரிந்த நெல்லின் தாளை மேய்கின்றன. யானைக்கும் இதே ஒழுங்குதான். பயிர் நிற்கும் மாதங்களில் வயல் நமக்கு, வெறுமையாகக் கிடக்கும் மாதங்களில் தாளும் புல்லும் அதற்கு. ஆண்டு முழுவதும் வேலியை நிறுத்திவைத்தால், உலர்காலத்தில் தீனி குறைந்த யானை, காவல் இல்லாத வேலியை உடைத்துப் பழகிக்கொள்கிறது. பழகிய யானையை அடுத்த போகத்தில் எந்தக் கம்பியும் தடுக்காது.

முதல் வேலை, போகத்தின் ஆரம்பக் கூட்டத்துக்கு முன்பே வட்டையை, அதாவது ஒன்றாகப் பயிரிடும் வயல் தொகுதியை, சுற்றி நடப்பது. வட்டையை மேற்பார்க்கும் வட்டைவிதானையையும், இரவுக் காவலில் பழகிய இரண்டு முதியவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். லத்தி கிடக்கும் இடம், மரத்தில் சேறு உரசிய உயரம், குளக்கட்டில் ஏறி இறங்கிய தடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். யானை குளத்துக்குப் போகும் வழியை வேலி அடைக்கக்கூடாது. அடைத்தால் அது அங்கேதான் முதலில் உடைக்கும். பயிருக்கு வருபவை பெரும்பாலும் வளர்ந்த ஆண் யானைகள் என்பதால், ஒரே தடம் திரும்பத் திரும்பத் தென்படுவதைக் காண்பீர்கள்.

அடுத்தது ஆரம்பக் கூட்டம். விதைப்புத் திகதியும் தண்ணீர் திறக்கும் திகதியும் தீர்மானிக்கப்படும் அதே கூட்டத்தில், வேலி நிமிர்த்தும் நாளையும் கழற்றும் நாளையும் அறிக்கைப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். ஏக்கருக்கு எவ்வளவு பணம், எத்தனை கட்டை, எத்தனை இரவு என்பதும் அங்கேயே முடிவாக வேண்டும். நகரத்தில் இருக்கும் போடியார், அதாவது வயலின் சொந்தக்காரர், பணத்தைத் தருவார், காவலுக்கு வரமாட்டார். அவருடைய முறையை, அவர் வயலைச் செய்யும் முல்லைக்காரர் செய்வாரா, கூலிக்கு ஆள் வைப்பதா என்பதை வெட்கப்படாமல் பேசிவிடுவது நல்லது. நான் பார்த்த ஒரு வேலி, ஒருவர் பங்கு கொடுக்க மறுத்து விட்ட நாற்பது முழ இடைவெளியால் மொத்தமாகப் பயனற்றுப் போனது. கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவான அமைப்பாக இருந்தால், பிரதேச செயலகத்திடமும் வனஜீவராசிகள் அலுவலகத்திடமும் உபகரணம் கேட்பது எளிது.

பருவகால வேலிக்குக் கனத்த தூண்கள் வேண்டியதில்லை. இரண்டு பேர் பிடுங்கித் தோளில் சுமக்கக்கூடிய கட்டைகள் போதும். யானை கம்பியைத் தொடாமல் தந்தத்தாலோ உள்ளங்காலாலோ கட்டையைத்தான் தள்ளிப் பார்க்கும். ஆகவே கட்டையின் வெளிப்புறத்தில் கம்பி முன்னிற்க வேண்டும். எனர்ஜைசர் என்று கேட்டு வாங்கும் கருவி, நொடிக்கு ஒரு தடவை அளவில், மிகக் குறுகிய நேரத்துக்குப் பல ஆயிரம் வோல்ட் துடிப்பை அனுப்புகிறது. அது வலிக்கும், கொல்லாது. மின்சுற்றை மண்ணோடு இணைக்கும் நிலக்கம்பி ஈரமண்ணில் இறங்கியிருந்தால்தான் அந்த அடி யானைக்கு உறைக்கும். பெரும்போகத்தில் மழை இதைப் பார்த்துக்கொள்கிறது. உலர்காலச் சிறுபோகத்தில் மண் காய்ந்து வெடிக்கும்போது, கம்பி நன்றாக இருந்தும் யானை உள்ளே வந்தது என்று முறைப்பாடு எழுவது பலமுறை இதனால்தான். நிலக்கம்பியை வாய்க்கால் ஓரத்துக்கு மாற்றுங்கள்.

வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பிக்கு இழுப்பது குற்றம். அது யானையை மட்டுமன்றி, விடியலில் தண்ணீர் பார்க்க வரும் மனிதனையும் கொல்லும். பழத்துக்குள் மறைத்துவைக்கும் ஹக்கபட்டாஸ் வெடியும் அப்படியே: வாய் சிதைந்த யானை பல நாள் பட்டினியில் அலைந்து சாகும்.

பராமரிப்பில் பெரிய எதிரி புல். மாரியில் ஒரு கிழமைக்குள் கொடி கம்பியில் ஏறிவிடும். ஏறிய இடத்திலெல்லாம் மின்சாரம் மண்ணுக்கு இறங்க, கடைசிக் கட்டைக்குப் போகும்போது ஒன்றும் மிஞ்சாது. மாலையில் கருவியைப் போடுபவர் வேலியின் தொலைதூர முனைக்குப் போய் வோல்ட் மீற்றரால் அளந்து, கிடைத்த அளவைக் கொப்பியில் எழுத வேண்டும். அந்த அளவு முந்திய நாளைவிடக் குறைந்திருந்தால் மறுநாள் காலையில் கத்தியோடு இரண்டு பேர் நடக்க வேண்டும். நெல் குடலைப் பருவத்தில் (கதிர் வெளிவருமுன்) நிற்கும் நாட்களில் இந்த நடையை ஒரு நாளும் தவறவிடாதீர்கள்.

இவ்வளவு செய்தும் யானை புகுந்தால், மிதிபட்ட வயலைத் தொடாமல் படம் எடுத்து, காப்புறுதி செய்தவர்கள் கமநல நிலையத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

நெல் அறுக்கும் கடைசி வெட்டுமெசின் வட்டையை விட்டு வெளியேறியதும், எழுதிவைத்த நாளில் வேலியைக் கழற்றுங்கள். சிறுபோகம் செய்யாத வட்டை என்றால் இதில் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். கம்பியை உருளையில் சுற்றுங்கள், கட்டைகளை எண்ணி அடுக்குங்கள், பற்றரியை யாராவது ஒருவர் வீட்டில் மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றி வையுங்கள். எந்த இடத்தில் எத்தனை தடவை உடைத்தது என்ற குறிப்பை அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அடுத்த ஆரம்பக் கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.