கொழும்பில் மசாஜ் தெரபிஸ்ட் ஆக: காசு கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய பத்திரங்கள்

மசாஜ் வேலைக்கு வருகிறவரின் தகைமை வேறு, வேலை நடக்கும் இடத்தின் அனுமதி வேறு. இவை இரண்டும் சரியாக இருந்தால்தான் நிம்மதியாக வேலை செய்யலாம்.

முதலில் தகைமை. என்.வி.கியூ என்ற தேசிய தொழில் தகைமையில் 7 மட்டங்கள் உண்டு. 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா. இதற்குப் பொறுப்பு மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. அலுவலகம் நாரஹேன்பிட்டி எல்விட்டிகல மாவத்தையில், 'நிபுணதா பியச' கட்டடத்தில் இருக்கிறது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பயிற்சி நிலையம் ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கும், ஆனால் நீங்கள் சேரும் பாடநெறிக்கு அங்கீகாரம் இருக்காது. அப்படியானால் கடைசியில் கிடைப்பது நிலையம் அச்சடித்த சான்றிதழ் மட்டும்தான். சுவரில் மாட்டியிருக்கும் பதிவுப் பத்திரத்தோடு திருப்திப்படாமல், பாடநெறியின் பெயர், மட்டம், அங்கீகாரம் முடியும் திகதி மூன்றையும் ஆணைக்குழுவில் கேட்டுவிட்டுக் காசு கட்டுங்கள். தமிழ்மூலம் மதிப்பீடு உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

ஏற்கெனவே வேலை தெரிந்தவர் மீண்டும் வகுப்புக்குப் போகத் தேவையில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் ஆர்.பி.எல் வழியில், சேவைக் கடிதங்களைக் காட்டி மதிப்பீட்டுக்குத் தோற்றலாம். கைத்திறனோடு, எப்போது கை வைக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் நோகிறது என்று ஒருவர் வந்தால் அது நாளத்தில் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அழுத்தினால் அந்த இரத்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். அவரைத் தடவாமல் உடனே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும்.

என்.வி.கியூ இருக்கிறது என்பதற்காகப் பெயர்ப்பலகையில் 'பிசியோதெரபிஸ்ட்' என்று போடாதீர்கள். அது இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவர்களுக்கு உரியது.

இனி இடம். 'ஆயுர்வேத' என்று பலகை வைத்தால் நாவின்னையிலுள்ள ஆயுர்வேதத் திணைக்களத்தின் பதிவு வேண்டும். பொறுப்பு வைத்தியர் யார், அவருடைய பதிவு எங்கே என்று கேளுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான ஸ்பா என்றால், காலி வீதியிலுள்ள சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவிருக்கிறதா என்று பாருங்கள். கொழும்பு மாநகர சபையின் வியாபார உரிமம் டிசம்பர் 31உடன் முடிந்துவிடும். ஜனவரியில் போன வருடத்தாளைக் காட்டினால் ஏற்காதீர்கள்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போதே இவற்றைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மசாஜ் நிலையம் என்ற போர்வையில் நடக்கும் விபசார விடுதிகளைப் பொலிஸ் சோதனையிடும்போது, முகாமையாளரோடு வேலைக்கு நின்ற பெண்களும் கைதாகி நீதவான் முன் நிற்கிறார்கள். 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. பத்திரத்தைக் காட்டத் தயங்கும் இடத்தில் எவ்வளவு சம்பளம் சொன்னாலும் சேராதீர்கள்.

வெளிநாடு போக நினைப்பவர்கள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், என்.வி.கியூ மூன்றிலும் பெயரின் எழுத்துகளும் முதலெழுத்துகளும் ஒத்திருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். வேறுபாடு இருந்தால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியப் போவதற்கு முன் திருத்திக்கொள்ளுங்கள்.